வெள்ளம் இழுத்துப் போன கல்லைத் திரும்ப வைத்தால் அது பழைய பாலம்தானா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் எக்ஸ்மூர் பகுதியில் பார்ல் ஆற்றின் மேல் இருக்கும் டார் ஸ்டெப்ஸ் என்ற கற்பாலத்தை இடைக்காலச் சின்னமாகச் சட்டப்படி பாதுகாக்கிறார்கள். ஆனால் அதன் கற்களை வெள்ளம் பலமுறை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தேடி எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அதில் இடைக்காலம் என்று சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? ஆற்றில் வரிசையாகக் கிடக்கும் வெறும் நடைகற்களைக்கூட இப்படிப் பாதுகாக்க முடியுமா?

முடியும் என்பதும், பாதுகாக்க வேண்டும் என்பதும் என் பதில். இங்கே காக்கப்படுவது ஆற்றைக் கடக்கும் அந்த இடமும், கற்களை அடுக்கியிருக்கும் முறையும், அவற்றின் மேல் நடந்து போகும் வழியும்தான். ஒவ்வொரு கல்லும் போட்ட நாளிலிருந்து அசையாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால், உலகத்தில் ஆற்றுக்குள் இருக்கும் எந்தப் பழைய கட்டுமானமும் தேறாது. கல்லை நகர்த்துவது ஆற்றின் இயல்பு. திரும்ப வைக்கிறோமா, எப்படி வைக்கிறோம் என்பதில்தான் மரபு நிற்பதும் போவதும் இருக்கிறது.

டார் ஸ்டெப்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். அங்கே இந்த வகையைக் கிளாப்பர் பாலம் என்பார்கள். ஆற்றுக்குள் தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கால்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குப் பெரிய கற்பலகையைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். சுண்ணாம்புச் சாந்து இல்லை, இரும்பு இல்லை, வளைவு இல்லை. பலகை தன் எடையால் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. கால்களுக்கு இடையே மொத்தம் 17 திறப்புகள், ஏறக்குறைய 55 மீட்டர் நீளம். பிரிட்டனில் இந்த வகையில் இதுதான் மிக நீளமானது. பலகைகளில் பெரியவை 2 டன் வரை எடை வரும்.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பலகை மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து ஆறு வரும் திசையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலின் முன்னாலும் நீண்ட கற்களைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். மேலிருந்து வரும் தண்ணீரையும் கிளையையும் கட்டையையும் அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடும். காலின் அடுக்கு நேரடியாக அடி வாங்காது. பெரிய வளைவுப் பாலங்களில் கொத்தனார் செதுக்கிக் கட்டும் கூர்முனை செய்யும் அதே வேலையை இங்கே செதுக்காத கல் செய்கிறது. கட்டியவர்களுக்கு அந்த ஆற்றை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதை இந்தச் சாய்வுக் கற்கள் காட்டுகின்றன. பாலத்தின் பக்கத்திலேயே வண்டியும் மாடும் தண்ணீரில் இறங்கிக் கடக்கும் துறையும் இருக்கிறது. சக்கரத்துக்கு ஆற்றுப் படுகை, மனிதன் காலுக்குக் கல் என்று இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கடவு. ஒன்றை விட்டு மற்றதைப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

வயதைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. சாத்தான் கட்டியது, அவன் வெயில் காயும் இடம் அது என்பது ஊர்க்கதை. வரலாற்றுக்கு முந்தைய காலத்தது என்றும் ஒரு காலத்தில் ஆணித்தரமாகச் சொன்னார்கள். எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு டியூடர் மன்னர்கள் (1485–1603) காலத்தைச் சேர்ந்தது. இடைக்காலத்தில், 1400-ஐ ஒட்டிக் கட்டப்பட்டிருக்கலாம் என்பதே இன்று பலர் ஏற்கும் கணிப்பு. இப்படிக் கணிப்பாகவே நிற்பதற்குக் காரணம் அதன் எளிமைதான். மரம் இருந்தால் வளையத்தை எண்ணலாம், சாந்து இருந்தால் அதற்குள் இருக்கும் கரியைச் சோதிக்கலாம். வெறும் கல்லை எப்போது அடுக்கினார்கள் என்று கல் சொல்லாது. எனவே பக்கத்துப் பாதைகள், நில ஆவணங்கள், இதே வகையிலான மற்ற பாலங்கள் ஆகியவற்றை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் கிழக்கு டார்ட் ஆற்றின் மேல் உள்ள போஸ்ட்பிரிட்ஜ் பாலத்தை 13-ஆம் நூற்றாண்டு என்று வைப்பதும் இப்படித்தான். அதன் கருங்கல் பலகைகள் 4 மீட்டருக்கு மேல் நீளம், ஒவ்வொன்றும் 8 டன்னுக்கு மேல். அந்த மேட்டு நிலத்தின் வெள்ளீயத்தைப் பொதிக்குதிரைகளில் ஏற்றி டாவிஸ்டாக் நகரத்துக்குக் கொண்டு போன வழியோடு அது சேர்த்துப் பேசப்படுகிறது.

சரி, 2 டன் கல்லை ஆறு எப்படித் தூக்குகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதுகாப்பின் சிக்கலும் புரிந்துவிடும். மணற்கல் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. முழுவதும் மூழ்கிவிட்டால் தண்ணீர் அதைக் கீழிருந்து தாங்கும். அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். கரையில் 2 டன்னாக இருந்த பலகை வெள்ளத்துக்குள் 1.2 டன் போலத்தான் நடந்துகொள்ளும். அதோடு, ஓடும் நீர் நகர்த்தக்கூடிய கல்லின் எடை நீரின் வேகத்தோடு ஆறாவது அடுக்கில் கூடும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் நகரும் கல்லின் எடை 64 மடங்கு. முழங்கால் தண்ணீரில் சாதுவாக ஓடும் ஆறு, மேட்டு நிலத்தில் ஒரு இரவு மழை கொட்டினால் வேறு ஆறாகிவிடும்.

டார் ஸ்டெப்ஸில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. கடந்த நூறு ஆண்டுகளில் ஆற்றுப் படுகையில் வண்டல் படிந்து மேடாகிவிட்டது. பாலம் அதே உயரத்தில் இருக்க, ஆறு மேலே ஏறி வந்துவிட்டது. முன்பு பலகைக்கு அடியில் போன வெள்ளம் இப்போது பலகை மேல் ஏறிப் போகிறது. அப்புறம் மரங்கள். இரண்டு கரையிலும் அடர்ந்த ஓக் காடு. அதுவும் தேசிய இயற்கை ஒதுக்கிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. வெள்ளத்தில் வேரோடு வரும் மரம் இடிக்கும் இடிதான் பாலத்துக்கு வரும் முதல் ஆபத்து. அதற்காகவே பாலத்துக்கு மேற்புறம் ஆற்றின் குறுக்கே எஃகுக் கம்பிவடங்களைக் கட்டி, வரும் மரங்களைப் பிடித்து நிறுத்துகிறார்கள். 2012 டிசம்பர் 22 அன்று வந்த வெள்ளத்தில் மரங்கள் மோதி அந்த வடங்களே அறுந்தன. பாலம் பெரும் சேதம் அடைந்தது. பலகைகள் 50 மீட்டர் தூரம்வரை கீழே உருண்டு போனதும் உண்டு.

இப்படி நடக்கும் என்று தெரிந்தே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்: கற்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கல் எந்த இடத்தது என்று பதிவு இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் இறங்கித் தேடி, இயந்திரம் வைத்துத் தூக்கி, அதனதன் இடத்தில் வைக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல், காங்கிரீட் ஊற்றி இறுக்காமல், கல் போகும் என்று ஒத்துக்கொண்டு, போன கல் வீடு திரும்ப வழி செய்திருக்கிறார்கள்.

இப்படித் திரும்ப வைத்தது ‘அசல்’ ஆகுமா என்பதற்கு மரபுப் பாதுகாப்புத் துறையில் தெளிவான விடை இருக்கிறது. 1964-இல் வகுத்த சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, இடிந்த சின்னத்தைக் கற்பனையாகப் புதிதாக எழுப்புவதை ஏற்பதில்லை. ஆனால் சிதறிப்போன பழைய பாகங்கள் கையில் இருந்தால், அவற்றை எடுத்து மறுபடி பொருத்துவதை அனுமதிக்கிறது. கிரேக்கக் கோயில்களில் விழுந்த தூண்துண்டுகளை எடுத்து நிறுத்துவதும் இந்த விதிப்படிதான். டார் ஸ்டெப்ஸ் அதற்கு ஏறக்குறைய பாடப்புத்தக உதாரணம். சாந்து இல்லாத கட்டுமானம் என்பதால் பிரிவதும் சேர்வதும் அதன் இயல்பிலேயே இருக்கிறது. சாந்து வைத்துக் கட்டிய சுவர் விழுந்தால் திரும்பக் கட்டும்போது சாந்து புதிதாகத்தான் இருக்கும்; இங்கே அதுகூட இல்லை. அதே கல், அதே இடம், அதே முறை. இடைக்காலத்திலும் வெள்ளம் வந்திருக்கும், ஊர்க்காரர்கள் கல்லை எடுத்துத் திரும்ப வைத்திருப்பார்கள். பாலம் இன்றுவரை வந்து சேர்ந்திருப்பதே அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நடைகற்களுக்கு வருவோம். பாலத்தைவிட இவை இன்னும் எளியவை, அதனாலேயே இன்னும் எளிதில் அழிபவை. ஆறு அகன்று ஆழம் குறைந்து ஓடும் இடமாகப் பார்த்து, படுகை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒரு கல்லாக நட்டுக்கொண்டே போவார்கள். கல்லின் பெரும்பகுதி படுகைக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். தலைப்பகுதி தட்டையாகவும் வழுக்காமலும் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் கற்கள் சேர்ந்து அணைபோல ஆகிவிடும்; நீர் தேங்கி, சுற்றிப் பாய்ந்து, கல்லின் அடியையே அரித்துவிடும். கூடினால் கிழவியும் குழந்தையும் தாண்ட முடியாது. ஆக, அந்த இடைவெளியே ஒரு ஆவணம்தான்: அந்த வழியில் யார் யார் நடந்தார்கள் என்பது அதில் பதிந்திருக்கிறது.

இடைக்கால நடைகற்களில் வரலாற்றில் பெயர் பெற்றது ஒன்று இன்று ஆற்றில் இல்லை. லங்காஷயரின் கிளித்தரோ ஊர் அருகே ரிப்பிள் ஆற்றில் பிரங்கர்லி என்ற இடத்தில் நடைகற்கள் இருந்தன. அந்த வட்டாரத்தில் அவற்றை ஹிப்பிங் கற்கள் என்பார்கள். இங்கிலாந்தின் அரியணைக்காக 15-ஆம் நூற்றாண்டில் நடந்த ரோஜாப் போர்களில் தோற்ற மன்னர் ஆறாம் ஹென்றி, 1464-இல் ஹெக்ஸாம் சண்டைக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் வட இங்கிலாந்தில் ஆதரவாளர்கள் வீடுகளில் மறைந்து வாழ்ந்தார். 1465 ஜூலையில் வாடிங்டன் ஹால் மாளிகையிலிருந்து தப்பி வந்தவரை அந்தக் கற்களின் அருகே பிடித்தார்கள். அங்கிருந்து லண்டன் டவர் சிறைக்கு. ஒரு மன்னரின் விதி முடிவான இடம், பின்னாளில் பக்கத்தில் ஒழுங்கான பாலம் வந்ததும் தேவையற்றுப் போனது. பெரும்பாலான நடைகற்களின் கதை இதுதான். பாலம் வந்தால் கல்லை யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனிக்காத கல் ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒன்றிரண்டாகப் போய்க்கொண்டே இருக்கும்.

தப்பித்தவை எல்லாம் யாரோ தொடர்ந்து கவனித்ததால் தப்பியவை. யார்க்ஷயரில் 1154-இல் துறவிகள் வந்து குடியேறிய போல்டன் மடத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், வார்ஃப் ஆற்றைச் சுமார் 60 கற்கள் கடக்கின்றன. அருகிலேயே நடைப்பாலம் இருந்தும் மக்கள் கல் மேல்தான் போக ஆசைப்படுகிறார்கள். சர்ரேயில் பாக்ஸ் ஹில் அடிவாரத்தில் மோல் ஆற்றின் 17 கற்களை இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி வந்தால் பயன்படக் கூடாது என்று அழித்தார்கள். போர் முடிந்ததும் 1946-இல் உள்துறை அமைச்சராக இருந்த ஜேம்ஸ் சூட்டர் ஈட் புதிய கற்களைப் போட்டுக் கொடுத்தார். பிரதமர் கிளெமென்ட் அட்லி வந்து திறந்து வைத்தார். நாடே ரேஷனில் வாழ்ந்துகொண்டிருந்த வருடம் அது. அந்த நிலையிலும் 17 கல்லைத் திரும்பப் போட வேண்டும் என்று ஒரு அமைச்சருக்குத் தோன்றியிருக்கிறது, பிரதமர் அதற்காக நேரில் வந்திருக்கிறார். கற்கள் 1946-ஐச் சேர்ந்தவைதான், சந்தேகமில்லை. கடவு பழையது. இரண்டையும் மறைக்காமல் சொன்னால் யாரும் ஏமாறப் போவதில்லை.

எதைச் செய்யக் கூடாது என்பதற்கு டவ்டேல் ஒரு உதாரணம். டார்பிஷயர் எல்லையில் டவ் ஆற்றில் இருக்கும் அந்தக் கற்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுற்றுலா வந்தவர்களுக்காகப் போடப்பட்டவை, இடைக்காலத்தவை அல்ல. 2010-இல் மாவட்ட நிர்வாகம், ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் கற்களின் தலையிலும் புதிய சுண்ணாம்புக்கல் பலகைகளை ஏற்றி உயரத்தைக் கூட்டியது. பலரும் எதிர்த்தார்கள். எனக்கும் அது சரியாகப் படவில்லை. நடப்பவர்களின் பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் கோடிக்கணக்கான காலடிகள் பட்டுத் தேய்ந்து குழிந்த தலைப்பகுதிதான் ஒரு நடைகல்லில் எல்லாவற்றையும்விட அரிய பாகம். அதை மூடிவிட்டு அடிக்கல்லை மட்டும் வைத்திருப்பதில் என்ன பயன்? எந்தக் கல் உண்மையிலேயே ஆடுகிறதோ அதை மட்டும் நிமிர்த்தலாம், ஆபத்தான இடத்தில் அறிவிப்பு வைக்கலாம், பக்கத்தில் மாற்றுப் பாலம் காட்டலாம். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

சட்டம் எங்கே வருகிறது என்றும் கேட்பீர்கள். இங்கிலாந்தில் இரண்டு தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. 1882-இல் வந்த தொல்சின்னச் சட்டத்தின் வழியில் இன்று நடப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் அட்டவணையில் ஏறிய சின்னத்தில் கல்லை நகர்த்துவதாக இருந்தாலும், பழுது பார்ப்பதாக இருந்தாலும், அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம். மற்றொன்று கட்டடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் தரம், இரண்டாம் தரச் சிறப்பு, இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். முதல் தரத்தில் வருபவை நூற்றுக்கு இரண்டரைதான். டார் ஸ்டெப்ஸ் இரண்டு பதிவேட்டிலும் இருக்கிறது, இரண்டாவதில் முதல் தரத்தில். அப்படி இரண்டிலும் இருந்தால் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடே மேலோங்கும். ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்வதென்றால் மீன் முட்டையிடும் பருவம், நீரோட்டம் என்று சுற்றுச்சூழல் விதிகளையும் பார்க்க வேண்டும். விழுந்த பாலத்தை மறுநாளே ஏன் தூக்கி வைக்கவில்லை என்று கேட்பவர்கள் இதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அட்டவணையில் ஏற்றுவது சேதப்படுத்துவதைத் தடுக்கிறது. பராமரித்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு பழைய கோட்டைச் சுவருக்கு இது பத்து வருடத்தில் தெரியும் பிரச்சினை. நடைகற்களுக்கு ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் பாதைச் சட்டம் கைகொடுக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1949-ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காக்கள் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதைகளுக்கு அதிகாரபூர்வ வரைபடம் உண்டு. அந்த வரைபடத்தில் பாதை ஆற்றைக் கடந்து போகிறது என்றால், கல் போய்விட்டாலும் கடக்கும் உரிமை போகாது. ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே என்பது அங்கே பழைய நீதிமரபு. பொதுச் செலவில் பராமரிக்க வேண்டிய பாதையாக இருந்தால் அந்தப் பொறுப்பு சாலை நிர்வாகத்தின் தலையில் விழும். தொல்லியல் பட்டியல் கல்லைக் கெடுக்காதே என்கிறது, பாதை வரைபடம் வழியை விட்டுவிடாதே என்கிறது. ஒரு கடவு பிழைக்க இரண்டும் வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் உதவியிருக்கிறது. மக்கள் நடப்பதை நிறுத்தாத வரை யாராவது கேட்பார்கள்.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவின் ஜின்சியோன் பகுதியில் நோங்தாரி என்ற கற்பாலம் கொரியோ அரசர்கள் காலத்தது. சுமார் 94 மீட்டர் நீளம். சாந்து இல்லாமல் சிறு கற்களை மீன் செதில்போல அடுக்கிக் கால்களை எழுப்பியிருக்கிறார்கள், மேலே போகப் போகக் கால் குறுகும். வடக்கு சுங்சியோங் மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. வெள்ளம் மேலே ஏறிப் போகட்டும் என்று தாழ்வாகக் கட்டிய அந்த முறை, பார்ல் ஆற்றில் கட்டியவர்களின் யோசனைக்கு மிக அருகில் இருக்கிறது.

கடைசியாக, டார் ஸ்டெப்ஸைப் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு. கோடைக்காலத்தில் குழந்தைகள் விளையாட்டாகக் கற்களை அடுக்கி ஆற்றில் சிறு அணை கட்டுவதைத் தடுத்துவிடுங்கள். அந்தச் சிறு கற்களில் சில, கால்களின் அடுக்கிலிருந்து உருவியவையாக இருக்கக்கூடும், நீரைத் திருப்பிவிட்டால் அடியில் அரிப்பும் தொடங்கும். பலகை மேல் தண்ணீர் ஏறி ஓடும்போது கால் வைக்காதீர்கள். வழுக்கும், பலகை இடம் மாறியிருந்தாலும் மேலிருந்து தெரியாது. சரிந்து கிடக்கும் கல்லைப் பார்த்தால் நல்லெண்ணத்தில்கூடத் தூக்கி வைக்க வேண்டாம். எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதைப் படம் எடுத்து எக்ஸ்மூர் தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். எந்தக் கல் எந்த இடத்தது என்ற பதிவு அவர்களிடம் இருக்கிறது.